கிடாக்குட்டிக்கு 'ஆண்மை ஊசி' வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேளாண் பக்கக் கேள்வி-பதிலில், கோத்தகிரிப் பக்கம் செம்மறி வளர்க்கும் ஒருவர் கேட்டிருந்தார்: பொலிகிடாவுக்கென்று, அதாவது இனவிருத்திக்கென்று, ஒதுக்கிய குட்டிக்கு நாலு மாதம் ஆகிறது, விதை திரளவில்லை, பெட்டை பக்கமே போவதில்லை, என்ன செய்யலாம்? பதிலில் தீவனம் பற்றி நல்ல யோசனை இரண்டு இருந்தது. மூன்றாவதாக, 'டெஸ்டோஸ்டீரோன் ஊசி வாரத்துக்கு ஒன்றாக நாலு வாரம் போட்டால் தேறிவிடும்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை மறுக்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறோம். டெஸ்டோஸ்டீரோன் என்பது ஆண் ஹார்மோன்; மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஆனாலும் பேப்பரில் வந்ததைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி வேலை செய்யாது என்று நாங்கள் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேலை செய்யும். வம்பே அங்கேதான் தொடங்குகிறது. போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் குட்டி முட்டப் பார்க்கும். பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டும், ஏறும். கிடா வாடை அடிக்கும், நாளடைவில் கழுத்து தடிக்கும். வளர்க்கிறவர் மனம் குளிர்ந்துவிடும். அந்த நேரத்தில் விதைப்பைக்குள் நடப்பதோ இதற்கு நேர் எதிர்.

விதையை வேலை வாங்குவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முதலாவது, விதைக்குள் இருக்கும் லெய்டிக் செல்லைத் தூண்டி டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்க வைக்கும். இரண்டாவது செர்டோலி செல்லைக் கவனிக்கும். விந்தணுவைப் பக்கத்தில் வைத்து ஊட்டி வளர்க்கும் தாதி இந்தச் செர்டோலி செல். ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் ஏறிவிட்டால் மூளை இரண்டையும் குறைத்துக்கொள்ளும். மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் மிதவை எழும்பிக் குழாயை அடைக்கிறதல்லவா, அதுபோல. ஊசி போடுகிறவர் தொட்டியில் வெளியிலிருந்து வாளி வாளியாக ஊற்றுகிறார். வீட்டுக் குழாய் அடைத்துக்கொள்கிறது. விந்தணு உருவாவதற்கு விதைக்குள்ளே இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டீரோனோ ரத்தத்தில் ஓடுவதைப் போலப் பல மடங்கு. வழக்கமாகப் போடும் ஊசி அந்த அளவின் கிட்டேகூட வராது. ஆக, ரத்தத்தில் மிகுதி, விதைக்குள் வறட்சி. விதை வளராமல் நின்றுவிடும், தொட்டால் கொழகொழவென்று இருக்கும்.

வளர்ந்த கிடா என்றால் ஊசியை நிறுத்திச் சில மாதத்தில் பெரும்பாலும் மீண்டுவிடும். குட்டியின் கதை வேறு. விதை வேகமாகத் திரள வேண்டிய அந்தச் சில வாரங்கள் கழிந்துபோனால் அதே வேகத்தில் திரும்ப வருவதில்லை.

ஏறுவதை வைத்து ஆண்மையை அளக்கக் கூடாது என்பதற்குப் பண்ணைகளிலேயே சாட்சி இருக்கிறது. பருவத்துக்கு வந்த பெட்டையைக் கண்டுபிடிக்க, காயடித்த கிடாவுக்கு டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டு மந்தையில் விடுவது பழைய முறை. அது முகரும், துரத்தும், ஏறும். அதற்கு விதையே கிடையாது! பொலிகிடாவாகப் போக வேண்டிய குட்டிக்கு அதே ஊசியைப் போட்டால், அந்தக் காயடித்த கிடா செய்யும் வேலைக்குத்தான் அதைத் தயார் செய்கிறோம்.

சரி, கேள்வி கேட்டவரின் குட்டிக்கு உண்மையில் என்ன கோளாறு? அவர் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். கிடாக்குட்டியின் விதை வயதைப் பார்த்து வளர்வதைவிட உடல் எடையைப் பார்த்தே வளரும். நீலகிரிச் செம்மறி சிறிய இனம். வளர்ந்த கிடாவே 30 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். அதில் பாதியையாவது தாண்டிய பிறகுதான் விதை மளமளவென்று திரளும். நாலு மாதத்தில் 11, 12 கிலோ இருக்கிற குட்டியிடம் ஆண்மையைத் தேடினால் எங்கிருந்து வரும்? டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகிக் கிடந்த காலத்தில் பால் மறந்த குட்டி என்றால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் பிந்தும். சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தின் சாண்டினோ, மன்னவனூர் மையத்தின் பாரத் மெரினோ ஆகியவற்றின் ரத்தம் கலந்த குட்டிகள் உடலில் பெரியவை. அவற்றோடு நாட்டு நீலகிரிக் குட்டியை ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்களும் உண்டு. ஒப்பிடுவதானால் அதே மந்தையில், அதே மாதத்தில் பிறந்த குட்டிகளோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு தப்பான பயம். குட்டியின் ஆண்குறியை உறையிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை, 'ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று பதறி வருவார்கள். பிறந்ததிலிருந்து அது ஒட்டித்தான் இருக்கும். குட்டியின் சொந்த டெஸ்டோஸ்டீரோன் ஏற ஏறத் தானே பிரியும். மூன்று மாதத்தில் ஒட்டியிருப்பது இயல்பு. பலவந்தமாக இழுத்துப் பிரித்தால் புண்ணாகித் தழும்பேறி, கடைசியில் நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும்.

விதையை அளக்கத் தையற்கடை நாடா போதும். அதிகாலையில் அளக்காதீர்கள். குளிரில் விதைப்பை சுருங்கி விதைகளை வயிற்றோடு ஏற்றிவிடும். நாலு மணிக்கு ஒரு அளவும் பத்து மணிக்கு வேறொரு அளவும் காட்டும். வெயில் ஏறியபின், குட்டி ஓடியாடிக் களைக்காத நேரத்தில், சமதரையில் நிற்க வையுங்கள். ஒருவர் தலையைப் பிடிக்கட்டும். அளப்பவர் பின்னால் குந்தி, விதைப்பையின் கழுத்தைப் பக்கவாட்டிலிருந்து பிடித்து, இரண்டு விதைகளையும் மெதுவாகப் பையின் அடிவரை இறக்க வேண்டும். கட்டைவிரலை இரண்டுக்கும் நடுவில் நுழைக்கக் கூடாது. நுழைத்தால் விதைகள் விலகி அளவு கூடிவிடும். அகலமான இடத்தில் நாடாவைச் சுற்றி, தோல் பள்ளம் விழாத அளவுக்கு மட்டும் இறுக்கிப் படிக்க வேண்டும். மெரினோ கலப்பில் விதைப்பையிலேயே கம்பளி இருக்கும். அதைக் கத்தரிக்காமல் அளந்தால் கம்பளியையும் சேர்த்து அளந்ததாகும். இரண்டு தடவை அளந்து இரண்டும் ஒத்து வந்தால்தான் நோட்டில் எழுதுங்கள்.

அளவைவிடக் கை சொல்வது முக்கியம். நல்ல விதை காய்ப்பதத்துக் கொய்யாவைப் போல விறைப்பாக, ஆனால் அமுக்கினால் லேசாகத் திமிறிக்கொண்டு மீளும். பழுத்த கொய்யா போல் அமுங்கினால் உள்ளே வேலை நடக்கவில்லை. கல்லாக இருந்தாலும் சரியில்லை. விதையின் அடிநுனியில் ஒரு சிறு குமிழ் தட்டுப்படும். விந்தணு சேர்ந்து காத்திருக்கும் இடம் அது. பருவம் வந்த கிடாவில் அந்தக் குமிழ் நன்றாகத் திரண்டு நிற்கும். ஊசி போட்டு முறுக்கிக்கொண்டு திரியும் இளங்கிடாவில் இந்தக் குமிழைத் தொட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது அடி அல்லது நோய்த்தொற்று, அதற்கு வேறு வைத்தியம். புருசெல்லா கிருமியும் ஒரு காரணமாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ குடிக்கப் போகாதீர்கள்.

இனி, உங்கள் பதிலில் இல்லாத ஆனால் அதைவிட ஆபத்தான பழக்கம்: சினை ஆட்டுக்கு 'கரு நிற்க' என்று பெயர் தெரியாத ஹார்மோன் ஊசியைப் போடுவது.

ஆண் உறுப்புகள் தாய் வயிற்றில் உருவாகும் கணக்கை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட். 1940களில் அவர் தாய் முயலின் வயிற்றைத் திறந்து, கருவிலிருந்த ஆண் குட்டிகளின் விதையை எடுத்துவிட்டு மறுபடி தைத்தார். முயலின் சினை சுமார் 31 நாள். 19ஆம் நாள் வாக்கில் விதையை இழந்த கரு முழுக்கப் பெட்டையின் உறுப்போடு வளர்ந்தது. 24ஆம் நாள் இழந்ததற்கு ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை, ஆண் வடிவம் அதற்குள் அமைந்துவிட்டது. இடையில் எடுத்தவை பாதியும் மீதியுமாக நின்றன. மொத்தச் சங்கதியும் ஐந்தே நாளில் முடிந்துவிடுகிறது. விதைக்குப் பதிலாக டெஸ்டோஸ்டீரோன் படிகத்தை வைத்துப் பார்த்தபோது ஆண் குழாய்கள் நிலைத்தன, ஆனால் பெட்டையின் கருப்பைக்கான குழாய் மறையவில்லை. அதை மறைய வைக்க வேறொரு பொருளும் விதையிலிருந்து வருகிறது என்று அப்போது தெரிந்தது; செர்டோலி செல் சுரக்கும் ஏ.எம்.எச். அது. ஊசி மருந்து ஒன்று விதையின் எல்லா வேலையையும் செய்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறையை நாங்கள் அறியோம்.

செம்மறிக்குச் சினை 147 முதல் 150 நாள். இதில் 30ஆம் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை தாய்க்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் பெட்டைக் குட்டி ஆண்குறியோடும் வெறும் விதைப்பையோடும் பிறக்கும். இது பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. ஆண் குட்டிக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. அப்படிப் பிறந்த கிடாக்கள் வளர்ந்தபின் அவற்றின் விந்தில் அணுக்கள் குறைவு, ஓட்டமும் மந்தம். ஆண் ஹார்மோனே ஆண் குட்டியைக் கெடுக்கிறது. வேளை தவறி, அளவு மிஞ்சி வந்ததுதான் காரணம்.

இயற்கையே இந்தப் பாடத்தை மாட்டுத் தொழுவத்தில் நடத்திக் காட்டுகிறது. பசு இரட்டைக் கன்று போட்டு, ஒன்று காளையும் ஒன்று கிடாரியுமாக இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்தக் கிடாரி மலடு. நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்கள் இணைந்து, காளைக் கன்றின் ஹார்மோன் கிடாரிக்குள் ஓடிவிடுவதால் வருவது. கறவைக்கென்று மூன்று வருடம் தீனி போட்டு ஏமாறாமல், பிறந்த மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆட்டில் இரட்டைக்குட்டி சகஜம், இந்தத் தொல்லை அபூர்வம்.

சினையாட்டுக்கு எந்த ஹார்மோனும் தேவைப்பட்டால் கருத்தரித்த தேதியை வைத்துக்கொண்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். மனிதருக்கு முடி கொட்டுவதைத் தடுக்கும் மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையுமான ஃபினாஸ்டெரைடு, சினை எலிக்குக் கொடுத்தபோது ஆண் குட்டிகளின் மூத்திரத் துளை இடம் மாறிப் பிறந்தது. மாத்திரை அட்டையைக் கொட்டிலில் போட்டு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

பிறந்த பிறகு இரண்டாவது வாய்ப்புக் காலம் வருகிறது. எங்கள் கணக்கில் மலைப் பண்ணைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு செர்டோலி செல் இத்தனை விந்தணுவைத்தான் தாங்கும் என்று வரையறை உண்டு. அந்தச் செல்கள் பெருகுவது பருவம் வரும்வரைதான். பிறகு எண்ணிக்கை கூடுவதில்லை. வளர்ந்த கிடாவின், காளையின் விதை எவ்வளவு பெரிதாக ஆகும் என்பது அப்போதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. காளைக் கன்றுக்குப் பிறந்த 6ஆம் வாரத்திலிருந்து 20ஆம் வாரம் வரை எல்.எச். ஒரு தடவை எழும்பித் தணியும். அந்த வாரங்களில் கன்று அரைப்பட்டினி கிடந்தால் அந்த எழுச்சி அடங்கிப்போகும், பருவம் பிந்தும், விதை சிறுத்தே நிற்கும். ஒரு வயதுக்குப் பிறகு மூட்டை மூட்டையாகத் தீவனம் போட்டாலும் முழுக்க ஈடாகாது. கொழுப்பு மட்டும் ஏறும். அதுவும் விதைப்பையின் கழுத்தில் சேர்ந்து விதையைச் சூடாக்கும்.

மலையில் நடப்பதென்ன? காளைக் கன்றுதானே என்று மடியை ஒட்டக் கறந்துவிட்டு, காம்பை நக்கிக்கொள்ள விடுகிறோம். ஒன்றரை வயதில் 'விதை சின்னதாக இருக்கிறது, ஊசி உண்டா' என்று கேட்கிறோம். தோடர் எருமை மந்தைகளில் ஒரே ஒரு பொலி எருமைக்கடாவை நம்பிப் பல எருமைகள் இருக்கும். அங்கே அந்தக் கன்றின் முதல் ஐந்து மாதப் பால் மந்தையின் அடுத்த பத்து வருடத்துக்கான முதலீடு.

ஆகவே பொலிக்கு என்று ஒதுக்கிய காளைக் கன்றுக்குப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு தினமும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனம். கிடாக்குட்டிக்குப் பதினைந்து நாளிலிருந்து தாய் நுழைய முடியாத மூலைத் தடுப்பில் தீவனம் வையுங்கள். பால் மறந்தபின் 150 கிராமில் தொடங்கி 250 கிராம் வரை அடர்தீவனம், நாளுக்கு 5 கிராம் தாது உப்புக் கலவை. சதுப்பை ஒட்டி மேயும் மந்தை என்றால் சாணத்தைப் பரிசோதித்து ஈரல் புழுவுக்கும் சேர்த்து மருந்து. இந்த வரிசையை ஒழுங்காக முடித்த குட்டிக்கு ஊசி கேட்டு வருகிறவர் அபூர்வம்.

தீவனம் என்றதும் கோஸ் இலை ஞாபகம் வருகிறது. கோஸ், காலிஃபிளவர் அறுத்த தோட்டங்களில் இலை மலையாகக் குவியும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் முயலுக்கும் அதுதான் இலவசத் தீனி. கோஸையே முக்கியத் தீனியாகத் தின்ற ஆய்வு முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்ததை 1928ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலிருக்கும் பொருள் தைராய்டு சுரப்பியை அயோடின் எடுக்க விடாது. மழை அடித்துக் கரைத்த மலை மண்ணில் அயோடின் ஏற்கெனவே குறைவு. செர்டோலி செல் எப்போது பெருகுவதை நிறுத்த வேண்டும் என்று சொல்வதும் தைராய்டு ஹார்மோன்தான். பிறந்த எலிக்குச் சில வாரம் மட்டும் தைராய்டைக் குறைத்து வைத்தால் பெரிய விதையோடு வளர்கிறது என்பது ஆய்வுக்கூட வேடிக்கை. தொழுவத்தில் அது கைகூடாது. இங்கே தைராய்டு குறைந்தால் கழுத்து வீங்கி, மயிர் இல்லாத, எழுந்து நிற்க வலுவில்லாத குட்டிதான் பிறக்கும். கோஸ் இலை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கல்லுப்புக்குப் பதில் அயோடின் கலந்த உப்பை வையுங்கள். உருளைக்கிழங்கு, கேரட்டுக்கு மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்து ஈரம் காயாத தழையை அள்ளிப் போடாதீர்கள். அது சிதைந்து வரும் இ.டி.யு. என்ற பொருளும் தைராய்டைத்தான் அடிக்கிறது.

ஹார்மோன் மிஞ்சினால் மட்டுமல்ல, வேளைக்கு முன் அற்றுப்போனாலும் உறுப்பு அரைகுறையாக நின்றுவிடும். கறிக்கென்று வளர்க்கும் கிடாக்குட்டியைப் பிறந்த சில வாரத்திலேயே காயடித்துவிட்டால் மூத்திரக் குழாய் அகலாமல் குறுகலாகவே நிற்கும். அதே குட்டிக்குத் தவிடு நிறையப் போட்டால், தவிட்டின் பாஸ்பரஸ் உப்பாகி மணல்போல் கல் சேரும். செம்மறிக் கிடாவின் குறி நுனியில் புழுப் போல மூன்று, நாலு செ.மீ. நீளமான வால் ஒன்று இருக்கும். கல் முதலில் மாட்டுவது அதில். குட்டி முக்கும், வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும், சொட்டுச் சொட்டாக வரும், உறை மயிரில் உப்புப் பொடி ஒட்டியிருக்கும். இதை மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளைக் கழித்தால் மூத்திரப் பை வெடித்துவிடும். உடனே மருத்துவரிடம் போனால் அந்த வாலை மட்டும் நறுக்கிவிட்டுக்கூடக் காப்பாற்றலாம். காயடிப்பதை மூன்று, நாலு மாதம் தள்ளுங்கள், மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யச் சொல்லுங்கள். தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல இரு மடங்கு இருக்கட்டும். பனிக்காலத்தில் ஆடு பச்சைத் தண்ணீரைத் தொடாது. வெதுவெதுப்பாக வைத்தால் குடிக்கும்.

ஒற்றை விதைக் குட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். கிடாவுக்கும் காளைக்கும் விதை தாய் வயிற்றிலேயே இறங்கிவிடும். பிறந்த குட்டியில் ஒன்று இல்லை என்றால் காத்திருந்து பயனில்லை. நாய்க்குப் பிறந்தபிறகுதான் இறங்கும். ஆறு, எட்டு வாரத்தில் கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆறு மாதம் தாண்டினால் இறங்காது. அதை இறக்க எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசி கேட்பவர்கள் உண்டு, உதகையில் மே மாத நாய்க் கண்காட்சி நெருங்கும்போது அதிகம். ஆண் நாய்க்கு இரண்டு விதையும் பையில் இருக்க வேண்டும் என்பது கண்காட்சி விதி. எச்.சி.ஜி.யால் இறங்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று மிகக் குறைவு. திரும்பத் திரும்பப் போட்டால் உடல் அதை எதிர்த்துப் போராடும் பொருளை உண்டாக்கிக்கொள்ளும், பிறகு எந்த அளவும் பலிக்காது. தற்செயலாக இறங்கிவிட்டாலோ கேடு பெரிது: இது பரம்பரைக் குறை, கோப்பையோடு சேர்த்து அடுத்த தலைமுறைக்கும் போகும். உள்ளே தங்கிய விதையில் புற்று வரும் வாய்ப்பு மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு. செர்டோலி செல் கட்டி என்றால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரந்து, ஆண் நாய்க்கு முலைக்காம்பு பெருத்து, இருபுறமும் மயிர் கொட்டி, ரத்தம் ஊறுவதே நின்றுபோகும். இரண்டையும் எடுத்துவிடுவதே வழி. ஒற்றை விதைக் கிடாவையும் கறிக்கு அனுப்புங்கள், மந்தையில் விடாதீர்கள்.

பெண் ஹார்மோனும் சும்மா விடுவதில்லை. அமெரிக்காவில் கறி மாடுகளைக் கொழுக்க வைக்க 1954இல் அனுமதித்த டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை 1979இல் தடை செய்தார்கள். அதைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஒரு சில நாள் கொடுத்தாலே விதை இறங்காமல் போவதும், புராஸ்டேட் சுரப்பி வாழ்நாள் முழுக்கக் கெட்டுப்போவதும் தெரிய வந்தது. அங்கே காது மடலில் தோலுக்கடியில் வைக்கும், எடை கூட்டும் ஸெரனால் வில்லையைப் பொலிக்கு வளர்க்கும் கன்றுக்கு வைக்கக் கூடாது என்று வில்லையை விற்பவர்களே அட்டையில் அச்சிடுகிறார்கள், விதை சிறுக்கும். எடைக்காகக் கொடுப்பதும் இனத்துக்காக வளர்ப்பதும் ஒரே மிருகத்தில் ஒத்துப்போகாது என்று வியாபாரியே ஒத்துக்கொண்ட இடம் அது.

புல்லிலேயே ஈஸ்ட்ரோஜன் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940களில் குளோவர் என்ற தீவனச் செடியில் ஒருவகையை மேய்ந்த பெட்டைகள் மலடாயின. காயடித்த கிடாக்களுக்கு முலைக்காம்பு நீண்டது, மூத்திரக் குழாயை ஒட்டிய சுரப்பி வீங்கி மூத்திரம் அடைத்துச் செத்தன. விதையுள்ள கிடாக்கள் பெரும்பாலும் தப்பின. சொந்த டெஸ்டோஸ்டீரோன் அவற்றைக் காத்தது. இதைப் படித்துவிட்டு நம் மேய்ச்சலில் கிகுயு புல்லோடு கிடக்கும் வெள்ளைக் குளோவரைப் பிடுங்கப் போகாதீர்கள். அதில் அந்தப் பொருள் குறைவு. சிவப்புக் குளோவரை மட்டும் இனச்சேர்க்கைக் காலத்தில் முழுத் தீனியாகப் போட வேண்டாம்.

உங்கள் பதிலைப் படித்து யாராவது ஊசி போட்டிருந்தால்: மருந்தின் பெயர், மில்லி அளவு, போட்ட தேதி மூன்றையும் எழுதி வையுங்கள், குப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெயில் கரைத்த ஊசியில் ஒருவகை சில நாளிலும் இன்னொருவகை இரண்டு, மூன்று வாரத்திலும் கரையும் என்பதால் பெயர் முக்கியம். அடுத்த ஊசியை நிறுத்துங்கள். முறிக்க வேறொரு ஹார்மோன் என்று தேடாதீர்கள். கிடாவில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 48 நாள், வெளிவரத் தயாராக இன்னும் இரண்டு வாரம். ஆகவே கடைசி ஊசியின் வீரியம் தீர்ந்ததிலிருந்து அறுபது நாளுக்கு முன் விந்துப் பரிசோதனை செய்வது காசுக்குத் தண்டம். அறுபதாம் நாள் சரியில்லை என்றால் இன்னொரு அறுபது நாள் பாருங்கள். அப்போதும் விதை கொழகொழவென்றே இருந்தால் அது பொலிக்கு ஆகாது. கறிக்கு விற்பதானாலும் ஊசி போட்ட விவரத்தைச் சொல்லி, எத்தனை நாள் கழித்து என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு விற்க வேண்டும். இந்தப் பருவத்துக்கு வேறு கிடாவைப் பாருங்கள். முதல் வருட இளங்கிடா என்றால் 10, 15 பெட்டைக்கு மேல் விட வேண்டாம். தேறிய கிடாவுக்கு 25, 30 வரை சரி.

திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம். கேள்வி கேட்டவருக்கு: இந்த வாரமே குட்டியை எடை போட்டு, வெயில் ஏறியபின் விதையை அளந்து, மந்தையில் அதே வயதுள்ள வேறு இரண்டு கிடாக்குட்டிகளையும் அளந்து எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எடை ஏறி விதையும் கூடியிருந்தால் தீவனத்தைத் தொடருங்கள். எடை ஏறியும் விதை நூலளவுகூட நகரவில்லை என்றால் குட்டியோடும் அந்த நோட்டோடும் கால்நடை மருந்தகத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவப் பணியில் உள்ள சிலர்,
உதகமண்டலம்.